பின்கண்ணாடி

காலாண்டுத் தேர்வு வினாத்தாளை
நகலெடுக்கத்தான் போனேன்.
காரைக்குடி, கல்லுக்கட்டிக்குப் பின்தெரு.
ஞாயிறு பகல். அசரப்பின் ஜெராக்ஸ் கடை
ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
குனிந்து நுழைந்தால்
தரையெல்லாம் பேருந்துகள்.

முழங்கை நீளம், ஃபோம் ஷீட்டில் செய்தவை.
ஒன்று அறந்தாங்கி வண்டி,
ஒன்று திருப்பத்தூர் வழி மதுரை,
பெயின்ட் காயாத தேவகோட்டை டவுன் பஸ்.
தரைக்கல்லின் ஆத்தங்குடிப் பூ
ஒவ்வொன்றும் ஒரு நிறுத்தம்:
கோவிலூர், குன்றக்குடி, பிள்ளையார்பட்டி விலக்கு.
சக்கர நாற்காலியில் ஜெசிந்தா,
காது கேளாத ஸ்டிக்கர்காரர் வயிரவன்,
நர்சிங் படிக்கும் ஒருத்தி,
குப்புறப் படுத்தபடி
என் ஏழாம் வகுப்பு, பி பிரிவின்
அடைக்கலம்.

வகுப்பில் அவன் பெஞ்சுக்கடியில் இருப்பவன்.
காதில் விரல்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பான்.
அவனுக்கும் சேர்த்து 'உள்ளேன் டீச்சர்' சொல்வது
பக்கத்துப் பெஞ்சு முபீனா.

இங்கே பேசிக்கொண்டிருந்தான்,
யாரையும் பார்க்காமல், வண்டியின் முகத்தைப் பார்த்து:
"சக்கர வளைவு நாலு மில்லிமீட்டர் கூட.
கல்லல் வழி ஓடுறதுக்கு ரெண்டு படி. மூணு இல்ல."
யாரும் கைதட்டவில்லை.
கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டவில்லை.
ஜெசிந்தா கத்தியை எடுத்து
ஒரு படியை வெட்டி எறிந்தார்.
அவ்வளவுதான்.

புரட்டாசிப் புழுக்கம். விசிறி நின்றிருந்தது.
கரண்ட் இல்லையா என்றேன்.
"அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது,
அவன் போனப்புறம் போட்டுக்குவோம்.
மிஷினும் அப்பத்தான். உக்காருங்க டீச்சர்."
வாசலில் செருப்பை விடுவதுபோல் சொன்னார் அசரப்.
எங்கள் பள்ளியில் இதற்கொரு படிவம் உண்டு.
மூன்று கையெழுத்து, ஒரு சான்றிதழ்.

மறுநாள் நான் செய்ததை நினைத்தால்
இப்போதும் கூசுகிறது.
"இன்னிக்கு அடைக்கலம் நமக்கு
பஸ்ஸைப் பத்திச் சொல்லப் போறான்,
எல்லாரும் கை தட்டுங்க."
நாற்பத்திரண்டு ஜோடிக் கை.
அவன் பெஞ்சுக்கடியில் போனவன்
சாயங்கால மணிவரை வெளியே வரவில்லை.
முபீனா என்னைப் பார்த்த பார்வையில்
மதிப்பெண் இருந்தது.
தேர்ச்சிக்குப் போதாத மதிப்பெண்.

கடையில் நான் பஸ்ஸை மட்டுமே பார்த்திருக்கிறேன்.
அங்கே முன்னால் நிற்க இடமே கிடையாது.
சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே
ஒரு சாமான்;
கண்ணெல்லாம் அதன்மேல்.
தெரியாதவர் பசை தடவலாம்.
பசையும் பிடிக்காதவர் சும்மா இருக்கலாம்,
ஏன் சும்மா இருக்கிறாய் என்று
அந்தத் தரையில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை
பழைய சைக்கிள் டைனமோ ஒன்றை
வகுப்பின் நடுவில், தரையில் வைத்தேன்.
விசிறியை நிறுத்தினேன்.
"வேர்க்குது டீச்சர்." ஆமாம், வேர்க்கும் என்றேன்.
முபீனா எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.
முதலில் சண்டை.
பிறகு ஒரு திருகு காணாமல் போனது.
ஹெச்.எம். எட்டிப் பார்த்து
"என்ன, சந்தையா?" என்றார்.
திக்கித் திக்கிப் படிக்கும் சோலையப்பன்
திக்காமல் யாரையோ திட்டினான்.
அடைக்கலம் வரவில்லை.
அடுத்த புதனும் வரவில்லை.
மூன்றாம் புதன்
பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு
அந்தத் திருகை வைத்துவிட்டு
உள்ளே போயிற்று.

ஞாயிறுகளில் இப்போது எனக்கும் வேலை இருக்கிறது.
பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வெட்டச் சொல்வார்கள்.
இருபது வருஷம் அறிவியல் நடத்திய கை,
கோணலாக வெட்டியது.
அடைக்கலம் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
எறிந்துவிடுவான் என்றுதான் இருந்தேன்.
"பின்கண்ணாடிக்கு ஆகும்."
தேவகோட்டை டவுன் பஸ்ஸின் முதுகில்
சற்றே சாய்வாக ஒட்டினான்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
பசை காய இருபது நிமிஷம் ஆகுமாம்.
வேர்த்து வழிய
உட்கார்ந்திருந்தேன்.