இரவு ஒன்பதரைக்கு ஒரு திருகு

ஜூலை. குரிட்டிபாவில் டைல்ஸ் தரை காலைக் கடிக்கிற குளிர்.
என்னோடு வாய் திறக்காத மனிதன்
சமையலறை விளக்கின் கீழ்
வாய் திறந்து கிடக்கிறான்.

அண்ணாந்தால்தான் அண்ணம் தெரிகிறது.
நான்கு குட்டித் திருகாணிகள்
எலும்பில் கால் ஊன்றி நிற்க
நடுவே ஓர் உருளை. உருளையில் ஊசித்துளை.
கம்பிச் சாவியை அதில் நுழைத்து
முன்பல் பக்கமிருந்து தொண்டைப் பக்கம்
தள்ளவேண்டும்.
அவ்வளவுதான். நாளுக்கு ஒருமுறை.

"கத்தி வைக்காமல் முயன்று பார்ப்போம்,
முப்பத்தொன்பது வயது, நடுத்தையல் இறுகியிருக்கும்,
திறக்கலாம், திறக்காமலும் போகலாம்" என்றார்
டாக்டர் மொரினாகா.
"தானே திருகிக்கொள்வது கஷ்டம். வீட்டில் ஆள் உண்டா?"
வால்டெசிர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
நான் கையை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்தில் போல.

சண்டை, அவன் தம்பிக்குத் தூக்கிக்கொடுத்த பணத்தால்.
அதற்கும் முன்பே, குறட்டை தாங்காமல்
தையல் மிஷின் இருக்கும் அறைக்கு
நான் படுக்கை மாற்றியிருந்தேன்.

முதல் இரவு என் விரலைக் கடித்தான், வேண்டுமென்றல்ல.
மூன்றாம் இரவு மூக்கின் வேரைத் தொட்டு
வலி என்று ஜாடை.
ஆறாம் இரவு சாவி வழுக்கி நாக்கில் விழுந்தது.
சிரிப்பு வந்தது இருவருக்கும்.
அடக்கிக்கொண்டோம்.
எட்டாம் இரவு ஒன்றுமில்லை.
ஒன்பது, பத்து, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை.
பஸ் நிலையத்துக் கண்ணாடிக் குழாய்க்குள்
சில்லறை எண்ணிக்கொண்டே
சட்டைப்பைக்குள் அந்தச் சாவியை உருட்டினேன்.
ஒரு பெரியவருக்கு ஐம்பது சென்ட் அதிகம் கொடுத்தேன்.

பதினோராம் இரவு
டக்.
சூடு பட்ட பீங்கான் விட்டுக்கொடுக்கிற சத்தம்.
அவன் கண்ணில் நீர். நான் கையை உதறிவிட்டேன்.

விடிந்தபோது முன்பற்களுக்கு நடுவே ஒரு கோடு.
சனிக்கிழமைக்குள் தீக்குச்சி நுழையும் அகலம்.
மேசையில் உட்கார்ந்து
"சர்க்கரை" என்றான்.
சொல்லோடு ஒரு விசில் வந்தது.
நாற்பத்திரண்டு நாளில் முதல் சொல்.
"திரும்பச் சொல்" என்றேன்.
சொன்னான். மறுபடி விசில்.

அப்புறம் திருகுவது நின்றது.
இடைவெளியில் எலும்பு நிறைய ஆறு மாதமாம்.
சாவி எங்கே என்று கிளினிக்கில் கேட்டார்கள்,
தொலைந்தது என்றேன். மிஷின் டிராயரில் இருக்கிறது,
பாபின்களோடு.

தம்பி இன்னும் ஒரு காசு தரவில்லை.
நேற்றிரவு சுவருக்கு அப்பால் குறட்டையே இல்லை.
மூச்சு இருக்கிறதா என்று எழுந்து போனேன்.
மூக்கால் விட்டுக்கொண்டிருந்தான், வாய் மூடி,
குளிருக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு.
நின்றுகொண்டே இருந்தேன்.
தரை கடித்தது.