முதல் பக்கத்தில் குடை

சாந்தியாகோவிலிருந்து பதிப்பகம் அனுப்பிய படிவத்தில்
ஒரே ஒரு கட்டம்:
ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம்.
பக்கத்தில் ‘கருத்து’. அரை வரி அகலம்.

புந்தா அரேனாசில் இது அக்டோபர்.
சதுக்கத்து மூலையில்
பிடித்து நடக்கக் கயிறு கட்டுகிறார்கள் நகராட்சி ஆட்கள்.
நூலகக் கதவு திறக்கத் திறக்க
உள்ளே வந்து விழுகிறார்கள் நடுவர்கள்,
காது சிவந்து, மூக்கு ஒழுகி.
பதினாலு, பதினைந்து, அயெலெனுக்கு மட்டும் பதினாறு.
கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்தபடி
அதே பச்சை அட்டை நாவல்.

என் வேலை தட்டச்சு. டிசம்பர் வரை ஒப்பந்தம்.
அவர்கள் நீட்டும் துண்டுச்சீட்டுகளைக்
கட்டத்துக்குள் அடக்கவேண்டும்.

யெர்கோ எழுதியிருக்கிறான்:
கதை நடப்பது எங்கள் ஊர் மாதிரி ஓர் ஊரில்.
முதல் பக்கத்திலேயே அவள் குடை விரிக்கிறாள்.
அத்தோடு நம்புவதை நிறுத்திவிட்டேன்.
படிப்பதை நிறுத்த முடியவில்லை.
இது என் குற்றமா, புத்தகத்தின் குற்றமா?
நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒரு படம்:
கம்பியெல்லாம் வானம் பார்த்து மடங்கிய குடை.
அந்த வடிவம் எனக்குத் தெரியும்.
வால்திவியாவில் வாங்கியது,
இந்த ஊரில் இறங்கி நாலு நிமிடம் தாங்கியது.

மிலென்கா எப்போதும் சுருக்கம்:
இருநூற்று நாற்பது பக்கம்.
ஒருத்தருக்கும் போனில் சார்ஜ் தீரவில்லை.
சீட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில்:
முத்தப் பக்கத்துக் காபிக் கறை என்னுடையது அல்ல.

நிக்கானோர் கோபக்காரன்.
இந்தக் கதைகளில் அப்பாக்கள் ஏன்
பேச்சுப் போட்டிக்கு வந்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள்?
என் அப்பா ஒரு மாதத்துக்குப் பேசுவதை
இந்த ஆள் ஒரு பத்தியில் பேசிவிடுகிறார்.
கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் கட்டிக்கொள்கிறார்கள்.
அது எங்களுக்கு எழுதியது இல்லை,
நாங்கள் என்ன படிக்கிறோம் என்று
தோளுக்கு மேலே எட்டிப்பார்ப்பவர்களுக்கு எழுதியது.
இரண்டு நட்சத்திரம். ஒன்று நாய்க்கு.

அயெலெனின் சீட்டு நாலாக மடித்திருந்தது.

நூற்றுப் பன்னிரண்டில் அம்மா இறக்கிறாள், மூன்று வரியில்.
நூற்றுப் பதின்மூன்றில் அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறாள்.
என் அம்மாவுக்குப் பதினோரு மாதம் ஆயிற்று.
அந்த மாதங்கள் எங்கே என்று
இரண்டு பக்கத்துக்கும் நடுவே விரித்துப் பார்த்தேன்.
தையல் நூல் இருந்தது.

நட்சத்திரம்: ஐந்து.
அடியில், பென்சிலில்:
நாலாவது வரி இருந்திருந்தால் மூடி வைத்திருப்பேன்.

இதை அரை வரியில் எப்படி அடிப்பது?

அதற்குள் அங்கே மேசையைத் தட்டிச் சண்டை.
“குடைடா! இந்தக் காத்துல குடை!”
“அவ வெளியூர்டா,” என்றாள் அயெலென்,
“ஒன்பதாம் பக்கத்துல இருக்கு. பஸ்ல ரெண்டு நாள் வர்றா.
அவளுக்கு எப்படித் தெரியும்?”
யெர்கோ புரட்டினான். ஒன்பது.
உதடு அசையப் படித்தான்.
மிலென்கா அவன் முகத்தையே பார்த்தாள்,
ஜெயித்தவளின் மரியாதையோடு,
சண்டை தன்னுடையது இல்லை என்றாலும்.
நான் விசைப்பலகையிலிருந்து தலை தூக்கவில்லை.

கூட்டிப் பார்த்தேன். சராசரி மூன்று புள்ளி நாலு.
படிவம் புள்ளியை ஏற்கவில்லை.

ஆறு மணிக்குக் கலைந்தார்கள்.
சன்னலில் தெரிந்தது கயிறும் கைகளும்.
யாரோ கத்தினார்கள், சொல்லைக் காற்று கொண்டுபோனது.

கதவு மறுபடி திறந்தது. யெர்கோ.
“என் சீட்டு குடுங்க.”
குடைக்குப் பக்கத்தில் ‘1’ என்று அழுத்தி எழுதினான்.
ஏன் ஒன்று?
“அப்புறம் அந்தக் குடை என்ன ஆச்சுன்னு
எங்கேயுமே இல்லை. முழுசாத் தேடிட்டேன்.
அதை எழுதச் சொல்லுங்க,” என்றான்,
“எழுதினா அஞ்சு.”