அண்டியாபீஸ் விரல்கள்

பள்ளியாடிக்குத் தெற்கே எங்கள் அண்டியாபீஸைப்
பூட்டியது ஒரு வெள்ளிக்கிழமை.
கணக்கில் முப்பத்தொரு வருஷம்,
கையில் ரெண்டு மாசக் கூலி, ஒரு ஸ்டீல் வாளி.
பிறகு இந்தப் பத்து விரல்.
அண்டி எண்ணெய் தின்று ரேகை போனவை.
ரேஷன் கடை மெஷின் இன்றைக்கும்
என்னை ஆளென்று ஒத்துக்கொள்வதில்லை.

அந்தக் கிறிஸ்துமசுக்கு ஜெபின் வந்தான்,
கப்பலில் பாத்திரம் கழுவுகிறவன்.
பெட்டியில் சோப்புக்கும் சாக்லெட்டுக்கும் அடியில்
மூணு கிலோ தேறும் ஒரு புத்தகம்.
யாரோ சமையல்காரன் விட்டுப்போனதாம்.
"படம் கொள்ளாம்னு எடுத்தேன்மா.
பிரெஞ்சு. நமக்கு வாசிக்கத் தெரியாது."

எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான்.
அதனால் பிரெஞ்சு தனியாகக் கஷ்டப்படுத்தவில்லை.

படத்தைப் பார்த்தேன்.
பருப்பைத் தரம் பிரித்த கண்ணால் பார்த்தேன்:
முழுசு, பாதி, குறுணை, கருகல்.
வெண்ணெய் வெள்ளையாயிருந்து மஞ்சளாகி
வறுத்த அண்டிப்பருப்பின் முதுகு நிறத்துக்கு வரும்போது
அந்த ஆள் தீயை அணைத்திருக்கிறான்.
ஒரு நொடி பிந்தியிருந்தால் கருகல் கூடைக்குத்தான் போகும்.
அட, இது எனக்குத் தெரிந்த வேலை.

தாசையன் விடியுமுன் பால்வெட்டுக்குப் போவார்.
சைக்கிள் சத்தம் திருப்பம் தாண்டியதும்
அடுப்பைப் பற்றவைப்பேன்.
ஐம்பத்தெட்டு வயதில், வெண்ணெய் நுரைக்கிற சத்தத்துக்கு
நெஞ்சு அடித்துக்கொண்டது.
பெண்பார்க்க வந்த அன்றுகூட
அது பாட்டுக்குத்தான் இருந்தது.

உருளைக்கிழங்கு அடுக்கவேண்டிய இடத்தில்
மரச்சீனிக் கிழங்கை அடுக்கினேன்.
பாலாடை, நல்லமிளகு, ஒரு பல் பூண்டு.
அவன் இல்லாததால் குட்டுவத்தில் மணல் போட்டு
மூடிமேல் சிரட்டைக் கனல்.
முதல் தடவை வெளியே கரி, உள்ளே கஞ்சி.
இரண்டாம் தடவை பூனை முந்திக்கொண்டது.
மூன்றாம் தடவை தாசையன் நேரத்தோடே வந்து
ஒட்டுப்பால் வாடையோடு வாசலில் நின்றார்.
"என்ன எளவு குளோரிபாய், இப்படி மணக்குது?"

அவர் என் முழுப்பேரைச் சொல்லி
எத்தனை வருஷம்!
பேசாமல் தின்றார். கரண்டியை நக்கினார்.
"மீன்கறி உண்டா" என்றும் கேட்டார்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் கறுப்புச் சிப்பி,
ஆழமான தட்டில், வாய் திறந்து.
பேர் என்னவோ இருக்கட்டும்,
அது கடியப்பட்டணம் பாறையில் ஒட்டியிருப்பது.
பஸ் ஏறிப் போனேன்.
முங்கி எடுக்கிற சூசைமிக்கேல் இருநூறு எண்ணிப் போட்டான்.
"மசாலா அடைச்சு அவிக்கத்தானே?"
"இல்லை. மசாலாவே கிடையாது."
"சவம், பின்ன சிப்பி எதுக்கு?"

வெள்ளை ஒயின் வேண்டுமென்று
ஜெபின் கப்பலிலிருந்து கேட்டுச் சொன்னான்.
ஒருநாள் பழகின அக்கானி ஊற்றினேன்.
எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவேண்டாம்.
சின்ன உள்ளி, வெண்ணெய், மல்லித்தண்டு.
மூடினேன்.

உள்ளே டிக் என்றது.
கொஞ்சம் பொறுத்து, டிக், டிக்.
முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு ஓட்டையும்
கட்டையால் அடித்துத்தான் திறந்திருக்கிறேன்.
இவை அடி வாங்காமலே திறந்தன.
அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஆவிக்குள் கையை விட்டு
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
போன் திரையில் ஜெபின் அலறினான்,
"அம்மா, கை! கை!"
சுடவில்லை மக்கா.
பாரீசில் இருக்கிற எந்தக் கொம்பனுக்கும்
இப்படி விரல் இருக்காது.

சாற்றைத் தாசையன் கட்டன்சாயா மாதிரி
கிளாசில் ஊற்றிக் குடித்தார்.

புத்தகத்தில் இன்னும் முந்நூறு பக்கம் கிடக்கிறது.
அடுத்தது ஏதோ, பாத்திரத்துக்கு மேலே
மழைமேகம் மாதிரிப் பொங்கி நிற்கிறது.
எப்படியும் அமுங்கிப்போகும், எனக்குத் தெரியும்.
ஆறு முட்டை வேண்டும்.
தாசையன் டார்ச்சை எடுத்துக்கொண்டு
கோழிக்கூட்டுக்குப் போயிருக்கிறார்.