வரிக்கணக்கு

லீட்ஸ், சாப்பல்டவுன். கோழி வறுக்கும் கடைக்கு மேலே
என் அலுவலகம்; கோப்புகளிலும் எண்ணெய் மணக்கும்.
எண்பத்தாறு ஏப்ரல், வரியாண்டு முடிய இரண்டே நாள்.
சப்பாத்துப் பெட்டி நிறைய ரசீதுகளோடு
மூச்சிரைக்கப் படியேறி வந்தார் லார்ட் அம்பயர்.

பெயர்? ஆல்ட்ரிக் குவாமினா.
பிறந்த இடம்? டிரினிடாட், டோக்கோ.
தொழில்?
"மற்றவர்களை அவுட் கொடுப்பது."
ஆள்காட்டி விரல் மெல்லக் கூரைக்கு உயர்ந்தது.
நான் 'இசை' என்று எழுதினேன்.

லார்ட் பட்டம் எந்த அரண்மனையும் தந்ததல்ல.
கார்னிவல் கூடாரத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்,
மூன்று பாடகர்களை நின்ற இடத்தில் பாடி வீழ்த்தியதற்கு
கூட்டம் கத்திக் கொடுத்தது.
அதைப் பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் எழுதிக்கொண்டு
ஐம்பத்தொன்றில் சவுத்தாம்ப்டனில் இறங்கினார்.

வாடகை அறைக்குத் தொலைபேசியில்
"லார்ட் அம்பயர் பேசுகிறேன்" என்றாராம்.
ஹேர்ஹில்ஸில் திருமதி ஆக்ராய்ட்
விரிப்பு மாற்றி, கரண்டி துலக்கி,
முத்துமாலை போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.
கித்தாரும் கறுப்பு முகமுமாய் வந்தவரைப் பார்த்தாள்.
அந்த நிமிடமே அறை நிரம்பிவிட்டது.

மழை. சாத்திய கதவு.
தபால் துவாரத்தில் வாயை வைத்துப் பாடினார்.
என் தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

பந்தே போடலை, அவுட்டென்றால் எப்படி அம்மா?
வந்தவன் அம்பயர், விரல் தூக்குவானா சும்மா?

மாடி ஜன்னலில் ஓர் ஐரிஷ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.
அவன் எறிந்த அரைக் கிரவுன் சேற்றில் கிடந்தது;
இங்கிலாந்தில் முதல் வருமானம்.
"இதைக் கணக்கில் காட்டணுமா?" என்று கேட்டார்.
முப்பத்தைந்து வருடம் கழித்து.

அந்தப் பாட்டு லண்டனில் இசைத்தட்டானது.
ஐந்து பவுன், ஒரே தடவை.
லாகோஸில், அக்ராவில், வானொலி இருந்த இடமெல்லாம்
திருமதி ஆக்ராய்டின் கதவு சாத்திச் சாத்தித் திறந்தது.
பங்குப் பணம் கேட்டுப் போனவரிடம்
ஒப்பந்தத்தைக் காட்டினார்கள்: 'லார்ட் அம்பயர்' என்று கையெழுத்து.
அப்படி ஓர் ஆள் சட்டத்தில் இல்லையே, ஐயா.

இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர்.
டிக்கெட் இயந்திரத்தின் கைப்பிடி சுற்றும் கர்ர்-டக்கில்
தாளம் பிடித்து, முட்டை விலையை, சூயஸை,
பரிசோதகரின் மீசையைப் பாடினார்.
மீசைக்கு இரண்டு வாரம் வேலைநீக்கம்.
அந்தக் கடிதமும் பெட்டியில் இருந்தது.

கித்தார் நரம்பு, தொப்பி வெளுப்பு,
ஹெடிங்லி நுழைவுச் சீட்டுகள் பதினொன்று.
அடியில், எழுபத்துநாலில், ஒரு மலர்வளையம்:
திருமதி ஈ. ஆக்ராய்டின் இறுதிச் சடங்குக்கு.
"இது செலவில் சேராது" என்றேன்.
"செலவா? அவள் என் மூலதனம்."

எங்கள் மொழியில் அரசுக்குக் கட்டுவதும் வரி,
பாட்டில் நிற்பதும் வரி என்று சொன்னேன்.
மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.
"அப்படியானால் எனக்கு மீதி வரணுமே!"

வரவில்லை. என் கூலி பன்னிரண்டு பவுனும் வரவில்லை.

ஆகஸ்டில், பாட்டர்நியூட்டன் பூங்காவில்,
லாரி மேலிருந்து கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார்.
காதில் பென்சில் செருகிய கணக்கர்,
செத்தவளின் பூவுக்கும் ரசீது தேடும் கணக்கர்...
சிவகடாட்சம் என்ற பெயருக்கு
இங்கிலீஷில் எதுகை கிடையாது என்று நம்பியிருந்தேன்.
கிடைத்தது. மூவாயிரம் பேர் திருப்பிப் பாடினார்கள்.
என்ன வார்த்தை என்று என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்த விரல் உயர்ந்தது.
நான் நடந்து வெளியேறினேன், மட்டையில்லாமல்,
சிரிப்பை அடக்க முடியாமல்.