இடதுசெருப்பு_7

ரிப்பனில் யார் பெயர் போட
என்று கேட்டாள் பூக்கடைக்காரி.
மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
பதினோரு வருடம், இரவுதோறும்
அவரோடு ட்ருக்கோ ஆடியிருக்கிறோம்.
கையில் ஒன்றுமில்லாதபோதுதான்
பந்தயத்தை ஏற்றுவார் என்று தெரியும்.
பெயர் தெரியாது.

இடதுசெருப்பு, என்றேன்.
பேனா நின்றது.
இடதுசெருப்பு, அடிக்கோடு, ஏழு.
எதன் அடியில்?
எதன் அடியிலும் இல்லை அம்மா,
நடுவில்.

ட்ருக்கோ பொய்யர்களின் ஆட்டம்.
மேசையில் உட்கார்ந்து ஆடினால்
கூட்டாளிக்குப் புருவம் தூக்கலாம்,
உதட்டைக் கடித்துக் காட்டலாம்.
திரையில் எங்களுக்கு முகம் இல்லை.
பெயரையே முகமாக்கிப்
பழகிக்கொண்டோம்.

'பயமே வா' கையில் ஒரு வெள்ளை நாயோடு
பாய்சாந்தூ பேருந்து நிலையத்தில் நின்றிருந்தாள்.
நிஜப் பெயர் சுல்மா.
நாயின் பெயர் பயம்.
ராத்திரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
பயமே வா, பயமே வா என்று கூப்பிடுவேன்,
தெருவே பழகிவிட்டது என்றாள்.

'0417' ஆம்புலன்ஸ் ஓட்டியவர், ஒலெகாரியோ.
வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்,
ஏலத்தில் கேட்டேன், விலை படியவில்லை,
எண்ணை மட்டும் இலவசமாக எடுத்துக்கொண்டேன்.

நீ ஏன் 'உப்பில்லை'?
ரத்த அழுத்தம், டாக்டர் உத்தரவு.
எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.
நீரியா போன அன்று
அடுப்பில் சூடு ஆறாத பாத்திரம்,
மூடியின் மேல் ஒரு துண்டுச் சீட்டு,
அதில் இந்த ஒரு வார்த்தை.
வேறெதுவும் எழுதவில்லை.
உப்புப் போட்டுச் சாப்பிட்டேன்.

துக்க வீட்டில் ஆற்றின் வாடை.
வாசல் அட்டையில்: அடேமார் பெந்தான்கூர்.
யாருடைய சாவுக்கோ
தவறி வந்துவிட்டவர்கள் போல நின்றோம்.
வெள்ளத்தில் மற்றச் செருப்பு போயிருக்கும் என்பாள் சுல்மா.
செருப்புத் தைப்பவர் என்பது என் கட்சி.
ஒரு கால் இல்லாதவர் என்று
அடித்துச் சொல்லிவந்தார் ஒலெகாரியோ.
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்
இரண்டு காலையும் எண்ணிவிட்டு
என் பக்கம் திரும்பவே இல்லை.

ரிப்பனை உரக்கப் படித்தார் அவர் மனைவி நிபியா.
கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்தினார்.
அழுகை என்று நினைத்தோம்.
தோள் குலுங்கிய விதம் வேறு.

அன்றைக்கு என் தங்கை மகள் கல்யாணம்.
நேரமாகிவிட்டது.
கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடுகிறேன்.
அந்த அறையிலிருந்து இவர் கத்துகிறார்,
நிபியா, இது ஏதோ பெயர் கேட்கிறது, என்ன போட?
நான் அவருக்குப் பதிலே சொல்லவில்லை.
இடது செருப்பு, இடது செருப்பு என்று
எனக்கு நானே புலம்பிக்கொண்டிருந்தேன்.

அதையா போட்டார்?
பதினோரு வருடமா?

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.
யாரோ மாத்தே கொண்டுவந்து நீட்ட
வாங்காமல் ரிப்பனையே பார்த்தார்.

செருப்பு கிடைத்ததா, என்றார் ஒலெகாரியோ.
கேட்டிருக்கக் கூடாது.
ஆனால் நிபியா
அதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார்:
அவர் காலுக்கடியில்தான் இருந்தது.
மிதித்துக்கொண்டு தட்டச்சு செய்திருக்கிறார்.

திரும்புகையில் ஒலெகாரியோவின் கார்.
பின்னால் யாரோ படுத்திருப்பது போல
பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.
அந்த ஏழு எதற்கு, என்றாள் சுல்மா.
அது அவர் போட்டதில்லை.
இயந்திரம் ஒட்டியது,
ஏற்கெனவே ஆறு பேர்
அதே பெயரை எடுத்திருக்க வேண்டும்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
எந்தெந்த ஊரிலோ ஆறு கட்டில்கள்,
அடியில் குனிந்த ஆறு முதுகுகள்,
பக்கத்து அறையில் பெயர் கேட்டபடி
ஆறு பேர்.

மடியில் கிடந்த பயம்
தூக்கத்தில் ஒரு தடவை குரைத்தது.