உதட்டில் நிற்பவை

காலை ஒன்பதுக்கே கல் முப்பத்தெட்டு.
நண்பகலில் ஐம்பதைத் தொடும் என்கிறது
போன வாரக் குறிப்பு.
கர்னி டிரைவ் ஓரம் கடலைத் தூர்த்துக் கட்டிய
புதுக் கரையின் கருங்கல் அடுக்கில்
உளுந்தைவிடப் பெரிதாய், மொச்சையைவிடச் சிறிதாய்
நத்தைகள்.

அலை இவ்வளவு உயரம் வருவதில்லை.
ஓதம் பெரிதாய் ஏறும் நாட்களில்
சாரல் வரும்.
அதை நம்பித்தான் இருக்கின்றன.

வெயில் ஏற ஏற
ஒன்று தன் பாதத்தை உள்ளே இழுக்கிறது.
மூடியைச் சாத்துமுன்
ஓட்டின் உதட்டில் ஒரு சொட்டுக் கோழை;
அது காய்ந்து நூலாகிறது.
அந்த நூலைப் பிடித்துக்கொண்டு
ஒற்றை விளிம்பில் செங்குத்தாய் எழுகிறது.
கல்லைத் தொடும் இடம் அரை மில்லிமீட்டர்.

முதல் நாள் நான் 'இறந்தது' என்று எழுதினேன்.
மறுநாள் அதை அடித்துவிட்டு
'நிற்கிறது' என்று எழுதினேன்.

சில, இன்னொன்றின் முதுகில் ஏறி நிற்கும்.
அதன்மேல் மற்றொன்று.
உச்சியில் இருப்பதற்குக் காற்று,
அடியில் இருப்பதற்குக் கல்.
யார் ஏறுவது என்பதில் ஏதும் முறை உண்டா என்று
மூன்று மாதம் குந்தியிருந்து பார்த்தேன்.
இல்லை.
முந்தி வந்தது அடியில் மாட்டிக்கொள்கிறது,
அவ்வளவுதான்.

தெலுக் பஹாங் ஆய்வுக்கூடத்தில்
ஓட்டின்மேல் ஒட்டிய சென்சார் வழியே
திரையில் அதன் இதயம்.
முப்பது டிகிரியில் நிமிடத்துக்கு எண்பது.
முப்பத்தெட்டில் முப்பது.
நாற்பத்திரண்டில் பதினொன்று.
சூடேறினால் துடிப்பும் ஏறும் என்றுதான்
நாங்கள் படித்தது.
இது குறைத்துக்கொள்கிறது.
வாடகைக்காரன் கதவைத் தட்டிவிட்டுப் போகும்வரை
விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து
சத்தம் காட்டாமல் இருக்கும் வீடுபோல.

ஐம்பதைத் தாண்டினால் கோடு மறுபடி குதிக்கும்.
பார்க்க உயிர் வந்ததுபோல் இருக்கும்.
பிறகு படுத்துவிடும்.
படுக்கும் அந்தப் புள்ளிதான்
எங்களுக்கு வேண்டிய எண்.

எவ்வளவு தாங்கும் என்று அறிய
தாங்காத இடம்வரை கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.
அறுபது நத்தைகள், இரண்டு கரைகள்.
பழைய கரை: ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்று.
புதுக் கரை: ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்பது.

நான் துள்ளினேன்.
டாக்டர் சியூ லான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தகவமைப்பு என்று எழுதாதே, கௌசிகா.
தாங்காதவை நாம் வருமுன்பே
உதிர்ந்து போயிருக்கலாம்.
மீந்ததை எண்ணிவிட்டு
கற்றுக்கொண்டன என்று சொல்லக்கூடாது."

மறுநாள் ஒரு மணிக்கு
கிரேனின் நிழல் கல்லின்மேல் ஒரு முழ அகலம்.
அந்த முழத்துக்குள்
பக்கவாட்டில் திரும்பி, தோளோடு தோள் ஒட்டி
ஏழு பேர் நிற்கிறார்கள்.
சூப்பர்வைசர் தனசீலன் என் குடைக்குள் தலையை விட்டு
"பங்களாதேஷ் பையனுங்கம்மா,
இவனுங்களுக்கு வெயில் பழகிப்போச்சு" என்றார்.

"பழகாதவங்க?"

அவர் கிரேனை அண்ணாந்து பார்த்தார்.
"அவங்கல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க."

என் தாளில் நேரம் இருந்தது,
கல்லின் சூடு, காற்றின் ஈரம், நின்றவை, விழுந்தவை.
இதை எழுத ஒரு கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 'ஏழு' என்று மட்டும் எழுதி
எதற்கு எழுதினேன் என்று தெரியாமல்
அப்படியே விட்டுவிட்டேன்.

சூடு காட்டாத நத்தைகளைத் திருப்பி விடலாம்,
விதி அனுமதிக்கிறது.
மாலையில் ஒரு டப்பா நிறைய எடுத்துப் போனேன்.
எல்லாவற்றையும் ஒரே மாதிரி விட்டேன்,
ஒன்றைத் தவிர.
அதை மட்டும் ஈரமான, ஆழமான,
நாள் முழுக்க வெயில் படாத ஓர் இடுக்கில் வைத்தேன்.
விஞ்ஞானம் அல்ல அது.

விடிந்து போய்ப் பார்த்தால் இடுக்கு காலி.
பக்கத்துக் கல்லின் மொட்டைத் தலையில்
ஒன்று உதட்டை ஊன்றி நின்றுகொண்டிருந்தது.
அதேதானா, வேறா,
சொல்ல முடியாது.
குறி வைக்க மறந்திருந்தேன்.