கோடும் பூஜ்யமும்

டுலூத்தில் டிசம்பர் என்றால் நாலரைக்கே இருட்டிவிடும்.
அலுவலக ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
ஆகஸ்டில், வெயில் இருந்த ஒரு மதியம்,
பாடத்திட்டத்தின் மூன்றாம் பக்கத்தில்
தாராளமாக எழுதிவிட்டேன்:
நான்கு தேர்வில் ஆகக் குறைந்தது கழிக்கப்படும்.
மிச்சத்தில் தாழ்ந்ததைவிட இறுதித் தேர்வு உயர்ந்தால்
அதன் நாற்காலியில் இது உட்காரும்.

சொல்ல ஒரு மூச்சு.
இணைய மதிப்பெண் ஏட்டுக்குப் புரியவைக்க
ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

முதலில் சோதனை மாணவர்.
ஏடே தருகிற ஆள். முகமில்லை, கட்டணமில்லை,
எல்லா செமஸ்டரிலும் ஆட்டத்தில் சேர்க்கிற
உப்புக்குச் சப்பாணி.
நாற்பது போட்டேன், அறுபத்திரண்டு, எண்பது.
இறுதியில் எழுபத்தைந்து.
கழித்துவிட்டு மாற்றினேன்.
மாற்றிவிட்டுக் கழித்தேன்.
எப்படிப் போனாலும் எழுபத்தேழரை.
கணக்குக்கு என்மேல் கோபமில்லை என்று
ஆறிப்போன காப்பியை ஒரு மிடறு குடித்தேன்.

பிறகு முப்பத்தொரு பேர்மேலும் விதியை இறக்கினேன்.
கழிந்த எண்கள் அழியவில்லை.
அந்தந்தக் கட்டத்திலேயே சாம்பல் நிறமாகிப் படுத்துக்கொண்டன:
காய்ச்சலோடு எழுதிய முப்பத்தெட்டு,
யாரோ விட்டுப்போன வாரத்து நாற்பத்தொன்று,
மோல் கணக்கைத் தலைகீழாய்ப் போட்ட ஐம்பது.

பதினேழாம் வரிசையில் கை நின்றது.
ஐனோ சாரெலா.
இரும்புத்தாதுக் கப்பலில் சமையல்காரன்,
கரையேறிச் செவிலியனாக வேண்டும் என்பவன்.
இரண்டாம் தேர்வன்று ஏரியில் புயல்.
கப்பல் வெளியே நங்கூரத்தில்.
அவன் அனுப்பிய படத்தில், அலைக்கு அப்பால்,
குன்றின்மேல் நம் கல்லூரி விளக்குகள்.

ஐம்பத்தெட்டு, ஒரு சிறு கோடு,
எழுபத்தொன்று, அறுபத்தாறு. இறுதியில் எழுபத்தேழு.

கோடு என்றால் ஏட்டுக்கு ஒன்றுமில்லை.
இல்லாததை அது எண்ணாது,
எண்ணாததைக் கழிக்காது.
கோட்டைத் தாண்டிப்போய் ஐம்பத்தெட்டைக் கழித்தது,
அறுபத்தாறை மாற்றியது:
சராசரி எழுபத்து நான்கு.
கோட்டின்மேல் பூஜ்யம் தட்டினேன்.
பூஜ்யம் கழிந்தது, ஐம்பத்தெட்டு மாறியது:
எழுபத்தொன்று புள்ளி மூன்று.
செவிலியர் பிரிவின் கதவு
எழுபத்து மூன்றில் இருக்கிறது.

எழுதாத தேர்வு பூஜ்யமா, நடக்கவே இல்லையா?
மூன்றாம் பக்கம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கோட்டையே விட்டிருப்பேன்,
ஒரு வரி மேலே பார்க்காமலிருந்தால்.
டோவா ராஸ்மசன்.
எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு.
இறுதியிலும் அதுவே.
ஒரு வகுப்பும் விடாதவள்.
பல் பிடுங்கிய மறுநாள்
பஞ்சைக் கடித்தபடி வந்து எழுதியவள்.
கழித்தாலும் எழுபத்திரண்டு, மாற்றினாலும்.
என் தாராளம் அவள் வரிசை முழுக்க நடந்து
கொடுக்க ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது.

பூஜ்யம்.
கோடு.
மறுபடி பூஜ்யம்.

பனியள்ளும் வண்டி மஞ்சள் விளக்கோடு
குன்றேறிப் போயிற்று, இறங்கியும் வந்தது.
திரை சொன்னது:
நெடுநேரம் அசைவில்லை.
பாதுகாப்புக் கருதி வெளியேற்றப்பட்டீர்கள்.

கடவுச்சொல் தட்டித் திரும்ப நுழைந்தேன்.
நான் சேமித்திருந்தது சோதனை மாணவரை மட்டும்.
எழுபத்தேழரையோடு
அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.
மேலே, பதினாறும் பதினேழும்
தோளோடு தோள் ஒட்டி.